மூங்கிலைப் பதப்படுத்த எந்த வழி: குளத்து ஊறலா, தீயா, வெங்காரமா?

தோட்டத்தில் ஐம்பது மூங்கில் கழி வெட்டத் தயாராக நிற்கிறது. கொட்டகை போடலாம், மாடியில் பந்தல் அமைக்கலாம், நாற்காலி செய்யலாம். எதைச் செய்தாலும் ஒரு முடிவை முதலில் எடுத்தாக வேண்டும்: அது உளுத்துப் போகாமல் இருக்க என்ன செய்வது? குளத்தில் ஊறப் போடச் சொல்வார் ஒருவர். தீயில் வாட்டச் சொல்வார் இன்னொருவர். வண்டிக் கழிவு எண்ணெயைத் தடவினால் போதும் என்பார் மூன்றாமவர். போராக்ஸ் என்கிற வெங்காரம்தான் சரி என்று இணையத்தில் படித்திருப்போம்.

கழிவு எண்ணெயைத் தவிர மற்ற எல்லாமே ஏதோ ஓர் இடத்தில் சரிதான். கழி எங்கே நிற்கப் போகிறது, வெட்டி எத்தனை நாளாயிற்று என்ற இரண்டையும் வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலையை வைத்துத் தேர்ந்தெடுத்தவர்கள் மூன்றாம் ஆண்டில் கூரையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

மூங்கிலின் சதைக்குள் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைய இருக்கின்றன. டைனோடெரஸ் என்ற சிறு வண்டு அதைத் தேடித்தான் வருகிறது. வெட்டுவாய், உடைந்த கிளைக் கணு, உள்சுவர் இவற்றின் வழியே நுழைந்து முட்டையிடும். புழு உள்ளே தின்று வளர்ந்து, வண்டாகி, ஒரு மில்லிமீட்டர் அளவு துளை போட்டு வெளியேறும். தரையில் மஞ்சள் மாவு கொட்டிக் கிடப்பதை நாம் பார்க்கும்போது உள்வேலை முடிந்திருக்கும். கரையானும் பூஞ்சையும் வேறு வகை. அவற்றுக்கு மாவுச்சத்து மட்டுமல்ல, நாரும் உணவு. மண்ணின் ஈரம் துணை. பதப்படுத்தாத கழியை மண்ணில் நட்டால் ஒன்று முதல் மூன்று ஆண்டு தாங்கும். மண் படாமல், மழை படாமல் கூரைக்குக் கீழே இருந்தால் நான்கிலிருந்து ஏழு ஆண்டு.

மருந்து உள்ளே போவது ஏன் கடினம் என்பதும் இதே அளவுக்கு முக்கியம். மரத்தில் நீர் நெடுக்கிலும் போகும், குறுக்கிலும் போகும். மூங்கிலில் நெடுக்கு வழி மட்டும்தான். அந்தக் குழாய்களும் மொத்தச் சதையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். வெளித்தோலில் சிலிக்காவும் மெழுகும் இருப்பதால் தண்ணீர்கூட அதில் ஏறாது. வெளியே தடவும் எதுவும் வெளியேயே நின்றுவிடுகிறது. தார், வார்னிஷ், கழிவு எண்ணெய் மூன்றும் தோற்பது இதனால்தான். பச்சைக் கழியில் வார்னிஷ் அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, வார்னிஷுக்குக் கீழேயே பூஞ்சை கறுப்பாகப் படரும்.

வெட்டும்போதே பாதி முடிவு

எந்த வழியானாலும் கழிக்கு மூன்று முதல் ஐந்து வயது இருக்க வேண்டும். மூங்கில் இரண்டு மூன்று மாதத்திலேயே முழு உயரத்தையும் எட்டிவிடும். அதன் பிறகு பருக்காது, உள்ளுக்குள் முற்றும். ஓராண்டுக் கழியில் கணுவை ஒட்டிய உறை இன்னும் இருக்கும், வெள்ளைப் பொடி படிந்திருக்கும், பச்சை பளபளக்கும். முற்றிய கழியில் பளபளப்பு மங்கி, பாசித் திட்டு படிந்திருக்கும்; அரிவாளின் முதுகால் தட்டினால் கணீரென்று கேட்கும். இளங்கழியை எந்த மருந்தில் போட்டாலும் காயும்போது சுருங்கி நெளியும்.

பருவமும் உண்டு. முளை விடுவதற்காகப் புதர் கோடையில் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. மழையில் முளை எழும்பி வளர்ந்த பிறகு அது குறைந்துவிடுகிறது. ஆகவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மார்கழி, தை மாதங்களில் வெட்டுவது நல்லது. பங்குனி, சித்திரையில் வெட்டுவது வண்டுக்கு விருந்து. தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று நம் பக்கம் சொல்வதைப் போலவே, கொலம்பியாவில் குவாதுவா மூங்கில் வெட்டுகிறவர்களும் தேய்பிறையில், விடியுமுன் வெட்டுகிறார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் கடைப்பிடிக்கட்டும். வயதையும் பருவத்தையும் விட்டுவிட்டுப் பிறையை மட்டும் பார்ப்பதில் பயனில்லை.

தரையிலிருந்து முதல் அல்லது இரண்டாம் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கணுவிடையின் நடுவில் வெட்டினால் அடிக்கட்டை கிண்ணம் போல நீரைப் பிடித்து அழுகும். அழுகல் கிழங்குக்கு இறங்கும். வெட்டிய கழியை இலையோடும் கிளையோடும் புதரிலேயே, ஒரு கல்லின் மேல் அடியை ஊன்றிச் சாய்த்து இரண்டு முதல் நான்கு வாரம் விட்டுவைக்கலாம். இலை தொடர்ந்து மூச்சுவிடுவதால் சர்க்கரை கொஞ்சம் செலவாகும். செலவே இல்லாத வேலை இது. ஆனால் பின்னால் சொல்லப்போகும் அழுத்தக் குழாய் முறைக்கு இப்படிக் காத்திருந்த கழி ஆகவே ஆகாது.

சொந்த நிலத்து மூங்கிலை வெட்ட மரம் என்ற கணக்கில் அனுமதி வாங்கும் தொல்லை குறைந்துவிட்டது. 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எதுவும் செய்யாமல் விடுவது

இதையும் ஒரு வழியாகவே எண்ண வேண்டும். ஹாங்காங்கில் உயர்ந்த கட்டடங்களைச் சுற்றிக் கட்டிய மூங்கில் சாரம் உலகப் புகழ் பெற்றது. அந்தக் கழிகளுக்கு மருந்து கிடையாது. சில மாதம் காற்றில் உலர்த்துவார்கள், கட்டுவார்கள், சில தடவை பயன்படுத்திக் கழித்துவிடுவார்கள். வாழைக்கு முட்டு, கல்யாணப் பந்தல், கொடிக்குப் படல், வெள்ளையடிக்கும் சாரம் எல்லாம் இந்த வகையில்தான் வரும். இரண்டு ஆண்டுக்குள் வேலை முடிந்துவிடும் இடத்தில் மருந்துக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

குளத்து ஊறல்

வியட்நாமில் வீட்டுக்கு வேண்டிய மூங்கிலைக் குளத்துச் சேற்றில் மாதக்கணக்கில் புதைத்து வைப்பது பழைய வழக்கம். வங்காளத்திலும் அசாமிலும் கேரளத்திலும் நீரில் ஊற வைப்பது உண்டு. செய்முறை எளிது: வெட்டிய சில நாளுக்குள் கழியை நீரில் முழுக்க அமிழ்த்தி நான்கிலிருந்து பன்னிரண்டு வாரம் விடுவது. சர்க்கரை கரைந்து வெளியேறும். மாவுச்சத்தை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும்.

தவறுகிற இடங்கள் இரண்டு. மூங்கில் மிதக்கும், கல் ஏற்றிக் கட்டாவிட்டால் மேல்பாதி ஊறாமல், அந்தப் பாதியில் மட்டும் வண்டு விழும். தேங்கிய நீரில் நாற்றம் கிளம்பும், கழி கறுக்கும். ஓடும் நீரில் நிறம் அவ்வளவு கெடாது. மீன் வளர்க்கும் குளத்திலும் குடிநீர்க் கிணற்றை ஒட்டியும் இதைச் செய்யக் கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் விட்டால் வலிமையும் குறையத் தொடங்கும்.

ஊறல் வண்டைத் தடுக்கும். கரையானையும் பூஞ்சையையும் தடுக்காது, ஏனென்றால் விஷம் எதுவும் உள்ளே ஏறவில்லை. உணவு மட்டும்தான் வெளியே போயிருக்கிறது. கூடை, தட்டி, உள்தடுப்பு, வீட்டுக்குள் வைக்கும் அலமாரி இவற்றுக்கு இது போதும். முறம், புட்டுக்குழல் போல உணவு படும் பொருளுக்கு ஊறலோ கொதிநீரோ மட்டும்தான். மருந்தை அருகில் கொண்டுவரவே வேண்டாம்.

தீயும் புகையும்

ஜப்பானியர் இதைக் கலையாகவே ஆக்கியிருக்கிறார்கள். பச்சைக் கழியைக் கரி நெருப்பின் மேலோ கேஸ் தணலிலோ உருட்டினால் தோலிலிருந்து எண்ணெய் கசியும். துணியால் உடனே துடைத்தால் பச்சை போய் வெளிறிய பொன்னிறம் வரும். மிக நீர்த்த காரசோடா நீரில் கொதிக்க வைப்பது இன்னொரு முறை. நாரா மாகாணத்தின் தகயாமாவில் தேநீர் கலக்கும் மூங்கில் மத்து செய்கிறவர்கள், கழியைக் கொதிக்க வைத்து எண்ணெய் நீக்கி, குளிர்காலத்தில் வயல்வெளியில் காய வைக்கிறார்கள். பழைய ஓலைக் கூரை வீடுகளில் அடுப்புப் புகை நூறு, இருநூறு ஆண்டு படிந்து செம்பழுப்பான மூங்கிலுக்கு அங்கே தனி மதிப்பு.

நம் வேலைக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது: நாற்காலிக் கை, கைப்பிடி, புல்லாங்குழல், அலங்காரப் பொருள். தீயில் வாட்டும்போது வளைந்த கழியை நிமிர்த்தவும் முடியும். ஒவ்வொரு கணுவிடையிலும் பின்பக்கமாக ஒரு சிறு துளை போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றும் ஆவியும் விரிந்து கழி வெடிக்கும், கண்ணுக்கே ஆபத்து. ஆறு மீட்டர்க் கழி நூறு இருந்தால் இந்த வழி நடக்காது. சுவரின் உட்பகுதி வரை வெப்பம் சீராக ஏறுவதும் கடினம்.

வெங்காரமும் போரிக் அமிலமும்

கொட்டகை, வீடு, மரச்சாமான் என்று வரும்போது எங்கள் முதல் பரிந்துரை இதுதான். வெங்காரமும் போரிக் அமிலமும் சேர்ந்த இந்தப் போரான் உப்பு வண்டு, பூஞ்சை, கரையான் மூன்றுக்கும் எதிராக நிற்கும். விலையும் கட்டுப்படியாகும், கழியின் நிறமும் மாறாது. ஒரே குறை: அது சதையோடு ஒட்டிக்கொள்ளாது. எப்படி நீரில் கரைந்து உள்ளே போனதோ அப்படியே மழையில் கரைந்து வெளியே வந்துவிடும்.

அளவு இதுதான். 95 லிட்டர் நீருக்கு வெங்காரம் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ. இது 5 சதவீதக் கரைசல், வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்குப் போதும். அதே 5 கிலோவை 45 லிட்டரில் கரைத்தால் 10 சதவீதம். திறந்த கொட்டகைக்கு இது வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் என்ன என்று கேட்பார்கள். சாதாரண நீரில் தனித்தனியாக இரண்டுமே சுமார் 5 சதவீதத்தோடு கரைவதை நிறுத்திவிடும். சேர்த்துப் போட்டால் இரண்டும் வினைபுரிந்து, கூடுதலாகக் கரையும் போரேட் உருவாகிறது. கரைசலும் நடுநிலைக்கு அருகில் இருக்கும். சூடான நீரில் முதலில் வெங்காரம், அது கரைந்த பின் போரிக் அமிலம். அடியில் பொடி படிந்திருந்தால் நீங்கள் நினைக்கும் வலு கரைசலில் இல்லை.

மருந்தை உள்ளே ஏற்ற மூன்று வழி உண்டு.

முதலாவது, தொட்டியில் மூழ்க வைப்பது. நீண்ட இரும்புக் கம்பியால் எல்லாக் கணுத் தடுப்பையும் ஊடுருவித் துளைக்க வேண்டும். 10 அல்லது 12 மில்லிமீட்டர்க் கம்பியைக் கூராக்கி அடிப்பதைவிட, அதன் நுனியில் துளைப்பானைப் பற்றவைத்து டிரில் கருவியால் துளைப்பது மேல். அடித்தால் கழி பிளக்கும். கழியை ஒரு பக்கம் சாய்த்தே இறக்குங்கள், காற்று வெளியேறட்டும். காற்று அடைபட்ட கணுவிடையில் மருந்து ஏறாது, அதே இடத்தில்தான் வண்டு துளை தெரியும். முழுக் கழிக்கு ஏழு முதல் பதினான்கு நாள். நெடுக்கில் பிளந்த பிளாச்சுக்கு மூன்று முதல் ஐந்து நாள். ஆறு மீட்டர்க் கழிக்கு 6.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 0.75 மீட்டர் ஆழத்தில் தார்ப்பாய் விரித்த குழி போதும். மூங்கில் அடைக்கும் இடம் போகச் சுமார் 2,500 லிட்டர் கரைசல் பிடிக்கும். 5 சதவீதத்துக்கு வெங்காரம் 75 கிலோ, போரிக் அமிலம் 50 கிலோ. பத்துக் கழிக்காக இவ்வளவு மருந்து வாங்குவது வீண். ஐம்பது, நூறு என்று தொடர்ந்து வேலை இருப்பவருக்கு இந்தத் தொட்டி.

பத்து இருபது கழிக்கு நிறுத்தி நிரப்பும் முறை பொருந்தும். பாலித் தீவில் சுற்றுச்சூழல் மூங்கில் அறக்கட்டளை பரப்பிய முறை இது. பச்சைக் கழியின் கடைசிக் கணுவைத் தவிர மற்ற எல்லாத் தடுப்பையும் துளைத்து, கழியையே நிற்கும் குழாயாக்கி, மேலிருந்து 10 சதவீதக் கரைசலை ஊற்றுவார்கள். உள்சுவர் வழியே மருந்து மெல்லப் பரவும். தினமும் மட்டம் இறங்கும், தினமும் நிரப்ப வேண்டும். பத்து முதல் பதினான்கு நாள் கழித்து அடிக்கணுவைக் குத்தி, வடியும் கரைசலைப் பிடித்து வடிகட்டி அடுத்த கழிக்கு ஊற்றலாம். உள்விட்டம் 6 சென்டிமீட்டர் இருக்கும் ஆறு மீட்டர்க் கழிக்குச் சுமார் 17 லிட்டர். இடம் குறைவு, மருந்து குறைவு. கம்பி தவறிக் கடைசிக் கணுவையும் துளைத்துவிட்டால் அந்தக் கழி இதற்கு உதவாது. தக்கை அடைத்துப் பார்ப்பதில் பயனில்லை, ஒழுகும். நம் பக்கத்துக் கல்மூங்கிலுக்கும் இந்த முறை ஆகாது. அது பெரும்பாலும் கெட்டியாக இருப்பதால் ஊற்ற இடமே இருக்காது. கல்மூங்கிலுக்குத் தொட்டியோ அழுத்தக் குழாயோதான். முள்மூங்கிலுக்கு மூன்றும் பொருந்தும்.

அழுத்தக் குழாய் முறைக்கு பூஷெரி என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் அவர் மரத்துக்குக் கண்டதை மூங்கிலுக்கு மாற்றியிருக்கிறார்கள். கழியின் அடிமுனையில் ரப்பர் உறையை இறுக்கி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 முதல் 1.3 கிலோ அழுத்தத்தில் கரைசலைத் தள்ளினால், மறுமுனையில் சாறு சொட்டத் தொடங்கும். முதலில் வருவது வெறும் சாறு. அதைத் தனியாகப் பிடித்துக் கொட்டிவிடுங்கள். சொட்டும் நீரின் அடர்த்தி உள்ளே தள்ளும் கரைசலுக்குச் சமமானதை ஹைட்ரோமீட்டரில் பார்த்து நிறுத்த வேண்டும். நாள் கணக்கில் நடக்கும் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. ஆனால் கழி வெட்டி 24 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். தாமதித்தால் குழாய்கள் பிசினால் அடைத்துக்கொள்ளும். எவ்வளவு அழுத்தினாலும் உறைதான் பிய்த்துக்கொண்டு பறக்கும். உறையை மாட்டுமுன் அடிமுனையில் ஒரு வில்லை புதிதாக அறுத்துவிடுங்கள். குழாயிலிருந்து சதைக்குப் பரவ நேரம் வேண்டும் என்பதால், முடித்த கழியை உடனே காய வைக்காமல் ஒன்றிரண்டு வாரம் நிழலில் மூடி அடுக்க வேண்டும். புதர் பக்கத்திலேயே இருக்கும் விவசாயிக்கு இதுவே சிறந்தது. கடையில் கழி வாங்குகிறவர் இதை மறந்துவிடலாம்.

கையுறை கட்டாயம். மிஞ்சிய கரைசலை வாய்க்காலில் விடாதீர்கள். தென்னைக்கு ஊட்டமாக வெங்காரம் வைப்பது மரத்துக்கு 50 கிராம் அளவில்தான்; 10 லிட்டர் 5 சதவீதக் கரைசலில் அரைக் கிலோ உப்பு இருக்கிறது. ஒரே இடத்தில் கொட்டினால் செடி கருகும்.

மண்ணில் நட வேண்டுமென்றால்

செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த சிசிஏ மருந்து சதையோடு ஒட்டிக்கொள்ளும், மழையில் எளிதில் கரையாது. மண்ணில் நடும் கழிக்கு அது வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஆர்சனிக். 2003 கடைசியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு அதைப் போடுவதை உற்பத்தியாளர்கள் நிறுத்தினார்கள். வேலை செய்கிறவர் கையில் படும். அறுக்கும்போது தூளாக மூச்சில் போகும். உடைந்த கழியை யாராவது அடுப்பில் வைத்தால் புகையும் சாம்பலும் நஞ்சு. நம் ஊரில் பழைய மூங்கில் அடுப்புக்குத்தான் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மூங்கிலை மண்ணில் நடாமலே இருப்பது இதற்கெல்லாம் நல்ல மாற்று. நல்ல பூட்ஸும் நல்ல தொப்பியும் என்பார்கள் கொலம்பியாவின் மூங்கில் தச்சர்கள். 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் பீடம். அதிலிருந்து நீட்டிய கம்பியின் மேல் கழியை நிறுத்தி, அடிக்கணுவிடையில் மட்டும் சிமென்ட் சாந்து. மேலே, சாரல் கழியில் அடிக்காத அளவுக்குக் கூரை நீட்ட வேண்டும். சாதாரணக் கொட்டகைக்கு ஒரு மீட்டர். கழியின் மேல்முனையை எப்போதும் கணுவுக்குச் சற்று மேலே அறுத்தால் நீர் தேங்காது. இந்த இரண்டும் இருந்தால் வெங்காரம் கரைந்து போகும் பயமே இல்லை. 1999 ஜனவரியில் கொலம்பியாவின் ஆர்மேனியா நகரை நிலநடுக்கம் தாக்கியபோது நன்றாகக் கட்டிப் பராமரித்திருந்த மூங்கில் வீடுகள் தாங்கி நின்றதும், உளுத்துப் போன கழிகளில் நின்ற வீடுகள் விழுந்ததும் அந்நாட்டுக் கட்டட விதிகளில் குவாதுவாவுக்குத் தனிப் பகுதி வர ஒரு காரணம். இந்தியாவில் கட்டுமான மூங்கிலைப் பதப்படுத்த ஐஎஸ் 9096, மற்றவற்றுக்கு ஐஎஸ் 1902 என்ற தரநூல்கள் உள்ளன. பொதுமக்கள் கூடும் கட்டடமானால் பொறியாளரிடம் இவற்றின்படி செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

பதப்படுத்திய கழியை வாங்கும்போது

"மருந்து போட்டது" என்று சொல்லி விற்கிறார்கள். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கழியின் நடுவிலிருந்து ஒரு துண்டை அறுத்துத் தரச் சொல்லுங்கள். முனைத் துண்டில் எப்படியும் மருந்து ஏறியிருக்கும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. மஞ்சள் தூளை எரிசாராயத்தில் ஊறவைத்து வடித்த நீரைப் புதிதாக அறுத்த முகத்தில் தடவி உலர விடுங்கள். அதன் மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்த சாராயக் கரைசலைச் சில சொட்டு விட்டால், போரான் இருக்கும் இடம் சிவக்கும். இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். மஞ்சளை மட்டும் தடவிப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆரத்தியில் சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவப்பது போலக் காரம் எது பட்டாலும் அது சிவக்கும். அமிலம் விடுவது அந்தப் பொய்ச் சிவப்பை நீக்கத்தான். அமிலத்தைக் கலந்து தரும் வேலையைக் கல்லூரி ஆய்வகத்திடம் விட்டுவிடுவது நல்லது. வெளித்தோலை ஒட்டிய மெல்லிய வளையம் மட்டும் மஞ்சளாக இருந்து மற்றதெல்லாம் சிவந்தால் கழியை வாங்கலாம். உள்சுவர் ஓரம் மட்டும் சிவந்திருந்தால் ஊறிய நாள் போதவில்லை. இன்னும் ஒரு வாரம் தொட்டியில் போடச் சொல்லுங்கள், அல்லது விலையைக் குறைத்து வாங்கி உள்தடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.